அடிக்குறிப்பும் கிராஸ் ரெஃபரன்ஸும்: ஏழு வருஷ அனுபவம்

ஓர் ஆய்வேட்டில் வட ஆற்காடு என்று எழுதினாலே கீழே ஒரு விளக்கம் தேவைப்படும். 1989-ல் அந்த மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூர் அன்று எந்த மாவட்டம், இன்று எந்த மாவட்டம் என்று படிப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். காட்பாடியில் ஏழு வருஷமாக வரலாற்று மாணவர்களுக்கு ஆய்வேடு தட்டச்சு செய்து தருகிறேன். வேர்டில் கிராஸ் ரெஃபரன்ஸை, அதாவது அதே கோப்பின் வேறோர் இடத்தைச் சுட்டிக்காட்டும் வசதியை, நான் கற்றுக்கொண்டதே இந்த மாவட்டக் கணக்கால்தான்.

அடிக்குறிப்பு போடுவது சுலபம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விழும், கீழே எழுத இடம் வரும். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் பின்னால் உள்ள எண்கள் தானாக மாறிக்கொள்ளும். சரி, அதே விளக்கத்தை இன்னும் முப்பது இடங்களில் சுட்ட வேண்டுமென்றால்? ஆரம்பத்தில் "குறிப்பு 4 காண்க" என்று கையாலேயே அடித்து வந்தேன். 1806 வேலூர்ப் புரட்சி பற்றிய ஓர் ஆய்வேட்டில், கோட்டையைப் பற்றிய இயலை முன்னால் கொண்டுபோகச் சொன்னார் நெறியாளர். நான்காம் குறிப்பு முப்பத்தொன்றாகிவிட்டது. கையால் அடித்த 4 எல்லாம் அப்படியே நின்றன. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

அதற்கப்புறம் ஓர் எண்ணைக்கூடக் கையால் அடிப்பதில்லை. ரெஃபரன்ஸஸ் பட்டையில் கிராஸ் ரெஃபரன்ஸைத் திறந்து, வகையில் ஃபுட்நோட் என்று கொடுத்து, வேண்டிய குறிப்பைத் தேர்ந்தால் போதும். ஃபார்மேட்டட் என்றிருக்கும் எண்ணைத் தேர்ந்தால் அது அடிக்குறிப்பு எண் போலவே சிறிதாக மேலே ஏறி நிற்கும். "பக்கம் 47 காண்க" என்பதில் வரும் பக்க எண்ணுக்கும் இதே வழிதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. அடிக்குறிப்பு எண்கள் போல, இப்படிச் சுட்டிய எண்கள் உடனுக்குடன் மாறாது. கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து எஃப்9 தட்ட வேண்டும். அடிக்குறிப்புக்குள்ளேயே இருக்கும் சுட்டுகளுக்கு அது எட்டாது. கர்சரை ஏதாவது ஓர் அடிக்குறிப்பில் வைத்து இன்னொரு முறை அதையே செய்ய வேண்டும். இது பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆனது.

தமிழில் தட்டுவோருக்கு இன்னொன்று. அடிக்குறிப்பு எழுத்தின் அளவை ஸ்டைலில் மாற்றும்போது, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற இடத்திலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் பழைய அளவிலேயே இருக்கும். நான் 10 புள்ளிக்குக் கீழே இறங்குவதில்லை. அதற்கும் சிறிதானால் கொம்பும் சுழியும் கண்ணுக்குத் தெரியாது.

குறிப்புகளை இயல் முடிவில் மொத்தமாகப் போடச் சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் தேடி எடுத்த சான்று, அது பேசும் பக்கத்திலேயே படிப்பவர் கண்ணில் பட வேண்டும்.

கிராஸ் ரெஃபரன்ஸால் சுட்டியிருக்கும் ஒரு தலைப்பைத் திருத்த வேண்டுமானால் எழுத்துகளை மட்டும் மாற்றுங்கள். தலைப்பையே அழித்துவிட்டுப் புதிதாக அடித்தால் அதைச் சுட்டிய இடமெல்லாம் "எரர்" என்று வந்து நிற்கும். பிரின்டுக்கு அனுப்பும் முன் அந்தச் சொல்லை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பை மூடுகிறேன்.