மணிக்கு எத்தனை டாலர்? வளாக வேலைக்கு ஊதியம் வகுக்கும் வழிகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வளாக வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு மாணவர் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் உடனே கேட்பது "மணிக்கு எவ்வளவு?" என்றுதான். நான் கேட்பது வேறு: "அந்தத் தொகை கடைசியாக எந்த ஆண்டு மாறியது?" மாணவனாக இரண்டு ஆண்டுகள் நூலகக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளிலும் என் ஊதியம் ஒரு சென்ட்கூட நகரவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நல்ல மனுஷி, மறைக்காமல் சொன்னார், அதை யார் மாற்ற வேண்டும் என்று அவருக்கே தெரியாதாம். பிறகு அதே வளாகத்தின் இன்னோர் அலுவலகத்தில், மாணவர்களின் வேலை நேரக் கணக்கைச் சரிபார்த்துச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பும் வேலை பார்த்தபோதுதான் அந்தக் கேள்விக்கு நான்கு விதமான பதில்கள் உண்டு என்பது புரிந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் சட்டம் போட்ட தரை ஒன்று இருக்கிறது. 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழிலாளர் தரநிலைச் சட்டப்படி, நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அது அப்படியே நிற்கிறது. உரிய சான்றிதழ் வாங்கிய கல்வி நிறுவனம், முழுநேர மாணவருக்கு அதில் 85 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. கணக்குப் போட்டால் 6.16 டாலர். மாநிலங்கள் தம் பங்குக்குத் தரையை உயர்த்திக்கொள்ளலாம். 2025-இல் கலிஃபோர்னியாவில் 16.50, வாஷிங்டன் மாநிலத்தில் 16.66; டெக்சாஸில் அதே 7.25. ஆகவே இரண்டு மாநிலங்களின் பல்கலைக்கழகங்களை வெறும் எண்ணை வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. தரைக்கு மேல் எவ்வளவு, எந்த விதிப்படி என்று பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒன்றா, படிப்படியாகவா?

முதல் வழி, எந்த வேலையானாலும் ஒரே ஊதியம். கேட்க அழகாக இருக்கும். யாரும் பேரம் பேச வேண்டாம், பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்ற புகைச்சல் இல்லை, வேலையைத் தரம் பிரிக்க ஒரு குழு தேவையில்லை. சிக்கல் எங்கே வரும் என்றால், வரவேற்பு மேசையில் பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் வேலைக்கும், இரவு பத்து மணிக்கு உணவுக்கூடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தட்டு கழுவும் வேலைக்கும் ஒரே காசு. மேசைக்கு நாற்பது விண்ணப்பம் வரும். தட்டு கழுவ ஆள் இருக்காது. உடனே உணவுக்கூட நிர்வாகி இரவு நேரத்துக்கென்று ஒரு கூடுதல் தொகை கேட்டு வாங்குவார். அடுத்து விளையாட்டரங்கம் கேட்கும். இரண்டே ஆண்டில் 'ஒரே ஊதியம்' என்பது விதிப்புத்தகத்தில் மட்டும் இருக்கும். இருந்தாலும் சிறிய கல்லூரிக்கு இதைத்தான் சொல்வேன். இதை உயர்த்த ஒரே ஒரு முடிவு போதும். அந்த முடிவை எடுக்காமல் தட்டிக்கழித்தாலும் ஊருக்கே தெரியும்.

இரண்டாவது, பெரிய பல்கலைக்கழகங்கள் விரும்பும் படிநிலை. அனுபவம் தேவைப்படாத வேலை முதல் நிலை, ஓரளவு பயிற்சி வேண்டியது இரண்டாவது, தனித்திறன் வேண்டியதும் மற்ற மாணவர்களை மேய்ப்பதும் மூன்றாவது. ஒவ்வொரு நிலைக்குள்ளும் பருவத்துக்குப் பருவம் சிறு ஏற்றம். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது.

ஆனால் இதை அடியிலிருந்து கரையான் அரிக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: நிலைகள் 11, 12, 13 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாநிலத் தரை 12.50-க்கு உயர்கிறது. முதல் இரண்டு நிலைகளும் ஒரே நாளில் 12.50 ஆகிவிடும். மூன்று பருவம் உழைத்து இரண்டாம் நிலைக்கு ஏறியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் சமம். மூன்றாம் நிலைக்காரர் ஒரு டாலர் இடைவெளிக்கு ஏறிவந்திருப்பார். கையில் மிஞ்சுவது அரை டாலர். மேல்நிலைகளையும் உயர்த்துங்கள் என்று கேட்டால், சட்டம் அப்படிச் சொல்லவில்லையே என்று பதில் வரும். மருந்து எளிதானதுதான். படிகளைத் தொகையாக எழுதாமல் 'தரை, தரைக்கு மேல் ஒரு டாலர், இரண்டு டாலர்' என்று இடைவெளியாக எழுதிவிட்டால், தரை நகரும்போது படிக்கட்டும் சேர்ந்து நகரும். நிதிப் பிரிவினர் இதை விரும்ப மாட்டார்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டுச் செலவின் சாவி சட்டமன்றத்தின் கைக்குப் போய்விடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்த நிலை என்பதைத் தீர்மானிப்பது வேலையின் விவரக்குறிப்பு; அதை எழுதுவது மேற்பார்வையாளர். 'கோப்புகளை அடுக்குதல்' முதல் நிலை. அதையே 'பதிவேட்டுத் தரவு மேலாண்மை' என்று எழுதினால் இரண்டாம் நிலை. இப்படி வார்த்தையை மாற்றி எழுதும் வேலையை நானே சிலமுறை செய்து கொடுத்திருக்கிறேன், வருத்தமில்லை.

துறைத் தலைவரின் கையில்

மூன்றாவது வழியில் பல்கலைக்கழகத்தின் மைய நிர்வாகம் ஒரு கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் மட்டும் சொல்லும். நடுவில் எவ்வளவு என்பது துறையின் விருப்பம். ஆராய்ச்சி மானியம் கொழிக்கும் கணினித் துறை மேல்வரம்பைத் தொடும். தத்துவத் துறை தரையோடு ஊர்ந்துகொண்டிருக்கும். அரிய திறன் தேவைப்படும் வேலைக்கு ஆள் பிடிக்க இது உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இங்கே ஊதிய உயர்வு என்பது வாய்விட்டுக் கேட்டவருக்குக் கிடைப்பது. கேட்கலாம் என்பதே தெரியாதவர்கள் யார்? குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து விசாவை நினைத்து வாய்திறக்கத் தயங்குபவர்கள். நான்கில் எனக்கு அறவே பிடிக்காதது இதுதான்.

இந்த இடத்தில் ஒர்க்-ஸ்டடி திட்டத்தைப் பேசியாக வேண்டும். 1964-இல் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தோடு வந்தது. பொருளாதாரத் தேவையுள்ள மாணவரின் ஊதியத்தில் பொதுவாக 75 சதவீதம் வரை மத்திய அரசுப் பணம். மீதியைத்தான் கல்வி நிறுவனம் தர வேண்டும். மணிக்கு 15 டாலர் என்றால், கையிலிருந்து போவது 3.75. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டு மாணவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. அவருக்கு முழு 15 டாலரும் தர வேண்டும். இரண்டு பேரின் சம்பளச் சீட்டிலும் ஒரே எண். செலவு செய்பவரின் கணக்கில் வெளிநாட்டு மாணவர் மற்றவரைப்போல நான்கு மடங்கு. விளம்பரங்களில் 'ஒர்க்-ஸ்டடி மாணவருக்கு முன்னுரிமை' என்ற வரி ஏன் வருகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளிநாட்டு மாணவருக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற விசா வரம்பு வேறு. வளாகத்துக்கு வெளியே போய்ச் சம்பாதிக்கலாம் என்றால் அதற்கும் எளிதில் வழியில்லை. போக்கிடமற்றவர் குறைந்த ஊதியத்துக்கும் தலையாட்டுவார் என்பது துறைகளுக்குத் தெரியும்.

ஒர்க்-ஸ்டடி மாணவரின் பாடு வேறுமாதிரி. அவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 3,000 டாலர் என்று வைத்தால், மணிக்கு 10 டாலர் வீதம் 300 மணி நேரம். 15 ஆனால் 200 மணி நேரம். ஊதியம் ஒன்றரை மடங்கானாலும் வருமானம் அதே 3,000. மிச்சமாவது நேரம். தேர்வுக்குப் படிப்பவருக்கு நூறு மணி நேரம் சின்ன விஷயமில்லை, ஆனால் வீட்டுக்காரர் வாடகைக்குப் பதிலாக நேரத்தை வாங்கிக்கொள்வதில்லை.

மேசையின் எதிர்ப்பக்கம்

நான்காவது, தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவது. புதியதல்ல, விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஆசிரிய உதவியாளர்களாக இருந்த மாணவர்கள் 1970-இலேயே தங்கள் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றுவிட்டார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் சட்டநிலை ஆடிக்கொண்டே இருந்தது. 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில், மாணவ உதவியாளர்களும் தொழிலாளர்களே என்று மத்திய அரசின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் சொன்னது. அதே ஆண்டு அயோவா மாநிலத்தின் கிரினெல் கல்லூரியில், உணவுக்கூடத்தில் வேலை பார்த்த இளநிலை மாணவர்கள் சங்கம் அமைத்தார்கள். 2024-இல் கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் 23 வளாகங்களின் மாணவ உதவியாளர்கள் சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எல்லா இடத்திலும் இது நடக்காது. வட கரோலினாவில் அரசு நிறுவனங்கள் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடுக்கிறது.

பெரிய எண்கள் வந்தது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் (மேலே சொன்ன கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு). 2022 நவம்பரில் சுமார் 48,000 கல்விசார் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலில் கேட்டது ஆண்டுக்கு 54,000 டாலர். ஆசிரிய உதவியாளர்களுக்கு முடிவில் கிடைத்தது, ஒன்பது மாத அரைநேரப் பணிக்குச் சுமார் 23,000-ஆக இருந்த அடித்தொகை 2024 அக்டோபருக்குள் சுமார் 34,000. வாரம் 20 மணி, 39 வாரம் என்று வகுத்தால் மணிக்கு 43 டாலருக்கு மேல் வருகிறது. நூலகக் கவுன்டர்க்காரருக்குப் பொறாமை வரலாம். வர வேண்டாம். ஆராய்ச்சிக்காக ஆய்வகத்தில் கழியும் இரவுகள் அந்த 20 மணியில் சேராது, கோடை மூன்று மாதங்களும் அந்தத் தொகையில் அடங்காது.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'அக்டோபர் 2024' என்ற அந்தத் தேதி. எந்த நாளில் எவ்வளவு உயரும் என்பது கையெழுத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. நிர்வாகம் தானாகக் கொடுக்கும் உயர்வில் இருக்கும் நுண்ணெழுத்து நிபந்தனைகள் இதில் குறைவு. அதே பல்கலைக்கழகம் 2015-இல் தன் ஊழியருக்கு 2017-க்குள் மணிக்கு 15 டாலர் என்று பெருமையாக அறிவித்தபோது, வாரம் 20 மணி நேரமாவது பணியமர்த்தப்பட்டவருக்கு என்று ஒரு நிபந்தனை இருந்தது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கும் மாணவர் அந்த வாசலுக்கு வெளியே.

விடுதியில் தங்கி மற்ற மாணவரைக் கவனிக்கும் உதவியாளருக்கு அறையும் உணவும்தான் பெரும்பாலும் ஊதியம். அதை மணிக்கணக்கோடு ஒப்பிட வழியில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

என்னைத் தீர்மானிக்கச் சொன்னால், ஒப்பந்தம் சாத்தியமான இடத்தில் ஒப்பந்தம். இல்லாத இடத்தில், இடைவெளியாக எழுதப்பட்ட படிநிலை. துறைத் தலைவரின் விருப்பம் என்பது மானியப் பணத்தில் நடக்கும் சிறப்பு வேலைகளோடு நிற்கட்டும், அதிலும் யாருக்கு எவ்வளவு என்று பொதுவில் பட்டியல் போடட்டும்.

இதில் எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வி பாக்கி: உயர்வுக்கான பணம் யாருடையது? என் அலுவலகத்தில் ஒரு முறை ஊதியம் 12-இலிருந்து 15 டாலருக்கு உயர்ந்தது. துறையின் மாணவர் ஊதிய ஒதுக்கீடு மட்டும் 6,000 டாலரிலேயே நின்றது. பருவத்துக்கு 500 மணி நேரமாக இருந்தது 400 ஆனது. சனிக்கிழமைகளில் கவுன்டரை மூடினார்கள். மூன்று மாணவர்கள் இருந்தார்கள். அடுத்த பருவத்துக்கான நேரப் பட்டியலில் இரண்டு பெயர்தான் இருந்தது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்.