செக் ரிட்டர்ன் ஆனால் ஒரிஜினலைத் தூக்கி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

சென்னை கொருக்குப்பேட்டையில் ஆறு மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். எம்.சி. ரோட்டில் நாலு கடைக்குச் சரக்கு போகும். அதில் ஒரு கடைக்காரர் பீஸ் 155 ரூபாய்க்கு 1,200 நைட்டி எடுத்துக்கொண்டு, 1,86,000 ரூபாய்க்கு ஜூன் 10 தேதி போட்ட செக் கொடுத்தார். பேங்கில் போட்டேன், திரும்பிவிட்டது. ஜூன் 14 அன்று ரிட்டர்ன் மெமோவை, அதாவது செக் ஏன் திரும்பியது என்று பேங்க் தரும் சீட்டை, கையில் கொடுத்தார்கள்.

அவர் ஏமாற்றியது ஒரு பக்கம். கேஸ் போட்டுத் தருகிறேன் என்று நடுவில் வந்த ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் ஆபீஸ்கள் வரிசையாக இருக்குமே, அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே, டீக்கடை பக்கம் நின்றவர். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட். தான் வக்கீல் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சார் கோர்ட்டுல இருக்காரு. பேப்பரைக் குடுத்துட்டுப் போங்கக்கா, நாளைக்கே நோட்டீஸ் போயிடும்" என்றார். 8,000 ரூபாய் ஜிபே பண்ணினேன். செக், மெமோ, பில், டெலிவரி சலான் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். ரசீது கூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை தைக்கிற பெண்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், அந்தப் பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை.

போன் பண்ணினால் "போயாச்சுக்கா". தபால் ரசீது கேட்டால் "சார் டேபிள்ல இருக்கு". ஜூலை 22 நேரில் போய் நின்ற பிறகுதான் ரசீதையும் நோட்டீஸ் நகலையும் நீட்டினார். ரசீதில் தேதி ஜூலை 18. நோட்டீஸில் கையெழுத்து இடத்தில் ஒரு கிறுக்கல், பேர் கிடையாது.

என் நாத்தனார் சொல்லி வேறொரு வக்கீலம்மாவிடம் போன பிறகுதான் அந்தத் தேதியின் விலை தெரிந்தது. பேங்க் மெமோ கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் விட வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததும் பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தக் கடைசி ஒரு மாதம் தவறினால் தகுந்த காரணம் சொல்லி ஜட்ஜிடம் கேட்டுப் பார்க்கலாம். முதல் 30 நாளுக்கு அந்த வழியே இல்லை. எனக்கு நாலு நாள் தாண்டியிருந்தது.

ஆனால் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை செக் செல்லுமாம். அதற்குள் மறுபடி பேங்கில் போட்டு, மறுபடி திரும்பினால் அந்த மெமோவை வைத்துப் புதிதாக நோட்டீஸ் விடலாம், 2012லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான் என்றார். "செக்கைக் கொண்டாங்க."

செக் அந்த ஆளிடம் இருக்கிறது!

போனால், "சார் பீஸ் 5,000 பாக்கி இருக்கேக்கா" என்கிறார். மூன்று தடவை அலைந்தேன். கடைசியில் வக்கீலம்மாவே என் போனை வாங்கி, "உங்க சார் பேரும் பார் கவுன்சில் என்ரோல்மென்ட் நம்பரும் சொல்லுங்க" என்றார். வக்கீலாகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த நம்பர் இருக்கும். லைன் கட். மறுநாள் கவர் டீக்கடையில் இருந்தது. டெலிவரி சலானைக் காணோம். செக்கின் ஓரத்தில் டீக்கறை, நல்லவேளை கையெழுத்துப் பக்கம் படவில்லை.

ஆகஸ்ட் 6 மறுபடி போட்டேன், எதிர்பார்த்த மாதிரியே திரும்பியது. மெமோ வந்த அன்றைக்கே வக்கீலம்மா தன் லெட்டர்ஹெட்டில் நோட்டீஸ் அடித்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். செக்கை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நோட்டீஸ் விட நகலே போதுமாம். இது முன்னமே தெரிந்திருந்தால் டீக்கடைக்கு அத்தனை நடை நடந்திருக்க மாட்டேன்.

இப்போது கேஸ் நம்பர் விழுந்து சம்மன் போயிருக்கிறது. கடைக்காரர், பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆள் விடுகிறார். அந்த 8,000 போனது போனதுதான்.