வளைத்துக் கட்டிய மூங்கில் கூரை: வளைவு அருமை, இணைப்புதான் தலைவலி

மூங்கிலை வில்லாக வளைத்துக் கூரை போடலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் என் கூரையின் கால் ஒன்றில் மறுபடி வெடிப்பு கண்டு, பழுது பார்த்து முடித்திருந்தேன்.

வளைவில் ஒரு குறையும் கிடையாது. பிளாச்சுகளாகப் பிளந்து, தோல் வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியது. மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பதும் தோல் பக்கம்தான், வளைக்கும்போது அதிக இழுப்பு விழுவதும் அங்கேதான். பெருங்காற்றில் உச்சி லேசாக ஆடும். காற்று நின்றதும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. பாலித் தீவில் கிரீன் ஸ்கூல் என்ற பள்ளியின் 'தி ஆர்க்' என்ற மூங்கில் கூடத்தில் 14 மீட்டர் உயர வளைவுகள் 19 மீட்டர் அகலத்தை நடுவில் தூணே இல்லாமல் தாண்டுகின்றன. அதை நான் வியப்போடு நம்புகிறேன்.

பூச்சித் தொல்லை இல்லை. போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறிய மூங்கில்; இதுவரை பூச்சி அரித்த மாவு கொட்டவில்லை.

சரி, இணைப்புக்கு வருகிறேன். மூங்கில் எஃகுக்கு இணை என்று புகழ்கிறவர்கள் நீளவாக்கு இழுவிசையைத்தான் சொல்கிறார்கள். குறுக்கே பிளக்கும் விசையைப் பற்றி வாயே திறப்பதில்லை! இரண்டு கணுக்களுக்கு இடையில் நார் எல்லாம் நீளவாக்கில்தான் ஓடுகிறது, குறுக்கே பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வளைவு வந்து இறங்கும் முழுக்கழிக் கால்களில் கணுவை ஒட்டியே துளை போட்டார் தச்சர், உள்ளே சிமெண்ட் கலவையும் நிரப்பினார். கழி காயக் காயச் சுருங்கியது. உள்ளே இறுகிய கலவை விட்டுக்கொடுக்கவில்லை. போல்ட் துளையிலிருந்து மயிரிழைக் கோடு கிளம்பி, நகம் நுழையும் அளவுக்கு விரிந்துவிட்டது. கயிற்றுக் கட்டுகளோ ஒவ்வொரு கோடையிலும் தளர்கின்றன. நன்றாக உலர்த்திய கழிதானா என்று கட்டும் முன்பே தச்சரிடம் கேட்டேன். ஆமாம் என்று சொன்னவர் இப்போது போனை எடுப்பதில்லை.

மூங்கிலுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மாற்றுக் கழிக்கு மரத்தைப் போலப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டாம். மூன்று முதல் ஐந்து வருடத்தில் முற்றிவிடும், வெட்டிய புதரிலேயே மறுபடி முளைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வருடா வருடம் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்கு நேரமில்லை.