உங்கள் பெயரில் டெண்டர் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் சிறு யூனிட்டுகளைத் தேடி இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். பெண்கள் பெயரில் இருக்கும் யூனிட்டுகளையும் விடுவதில்லை. டெண்டர் கன்சல்டன்ட் என்று கார்டு நீட்டுவார்கள். சிலரிடம், "நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், உங்கள் பெயரும் சான்றிதழும் போதும், பில் தொகையில் ஒரு பங்கு வீடு தேடி வரும்" என்பார்கள். உண்மையிலேயே தொழில் நடத்துகிறவர்களிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "சரக்கை நீங்களே செய்து கொடுங்கள், பேப்பர் வேலை மட்டும் எங்களுடையது" என்பார்கள். என்னிடம் வந்தவர் இந்த இரண்டாவது வகை.

நான் தொழிற்சாலைச் சீருடை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். காக்கிச் சட்டை, பேன்ட், மேலங்கி, இவைதான் வேலை. நிறுவனம் என் பெயரில். இத்தனை வருடமும் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துதான் ஓடுகிறது. அவர்கள் அரசு ஆர்டர் எடுப்பார்கள், வெட்டிய துணி எங்களிடம் வரும், பீஸ் கணக்கில் தைத்துக் கொடுப்போம். அதே ஆர்டரை நாமே நேரடியாக எடுத்தால் என்ன என்ற ஆசை எந்த யூனிட்காரருக்கும் இருக்கும். அந்த ஆசையில் ஒரு தவறும் இல்லை. சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது.

அந்த மனிதர் முதல் நாள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையை மத்திய அரசு 2012-இல் கொண்டுவந்தது. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கை இத்தகைய நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதம் என்று இருந்தது, 2018-இல் திருத்தி 25 ஆக்கினார்கள். அதற்குள் 4 சதவீதம் எஸ்சி, எஸ்டி உரிமையாளர்களுக்கு, 3 சதவீதம் பெண் உரிமையாளர்களுக்கு. டெண்டர் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. முன்வைப்புத் தொகை, அதாவது இஎம்டி, கட்டத் தேவையில்லை. 358 பொருட்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று ஒரு தனிப் பட்டியலே உண்டு.

விலையிலும் ஒரு சலுகை இருக்கிறது. குறைந்த விலை கொடுத்தவர் பெரிய நிறுவனம், அவர் விலை 100 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் 115 வரை கொடுத்திருந்தாலும், 100-க்கு இறங்கி வரச் சம்மதித்தால், பிரித்துக் கொடுக்கக்கூடிய ஆர்டரில் 25 சதவீதத்தை உங்களுக்குத் தரலாம். இதையெல்லாம் அவர் மேசைமேல் பேப்பரை வைத்து, வரி வரியாகக் காட்டிச் சொன்னார். மாவட்டத்தில் ஒரு அதிகாரியும் எங்களைத் தேடி வந்து இப்படி விளக்கியதில்லை. நமக்குச் சேர வேண்டிய தகவல் நம்மிடம் வந்து சேராததால்தான் இவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

அடுத்து பணமும் ஆவணமும். குறு, சிறு நிறுவனம் என்பதற்கு அரசு தரும் உத்யம் சான்றிதழைப் புதுப்பிக்க ஒரு தொகை கேட்டார். உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது முழுக்க இலவசம், ஆதார் எண் வைத்து நாமே செய்துகொள்ளலாம், காலாவதி என்று ஒன்று கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் வைத்துக் காசு வாங்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. முகவரி ஜிஓவி டாட் இன் (gov.in) என்று முடியாவிட்டால் அது உண்மையான உத்யம் தளம் இல்லை. ஜெம் என்கிற அரசு மின்சந்தையில் விற்பனையாளராகப் பதிவு செய்யவும் ஒரு தொகை வாங்கினார். அந்தப் பதிவும் இலவசம்.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. ஜெம் பதிவில் என் ஆதாரைக் கொடுத்து, தொடர்பு எண்ணாகவும் மின்னஞ்சலாகவும் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். "அக்கா, உங்களுக்கு ராத்திரி பகல்னு ஓடிபி வந்துகிட்டே இருக்கும், தொல்லை" என்றார். டெண்டர் தளங்களில் கையெழுத்துப் போட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். என் முகத்தைக் காட்டி வீடியோ சரிபார்ப்பு முடிந்து என் பெயரில்தான் அது வந்தது. ஆனால் பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்த டோக்கன் அவர் அலுவலகத்திலேயே இருந்தது, கடவுச்சொல்லும் அவரிடமே. அரசு ஆர்டருக்குத் தனி நடப்புக் கணக்கு கட்டாயம் என்று சொல்லி வங்கியில் ஒன்று தொடங்க வைத்தார். அப்படி ஒரு கட்டாயம் எங்கேயும் இல்லை. அந்தக் கணக்கின் நெட் பேங்கிங்கும் அவர் போனில். ஜிஎஸ்டி தாக்கலையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள்.

நம்பிக்கை வர ஒரு சின்ன ஆர்டர் உண்மையிலேயே வந்தது. நாங்கள் தைத்தோம், சரக்கு ஏற்கப்பட்டது. பணம் மட்டும் வரவில்லை. அரசாங்கப் பணம், அப்படித்தான் மெதுவாக வரும் என்றார்கள். கடைசியில் கமிஷன் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். வாங்கிய நிறுவனம் சில வாரங்களிலேயே பணத்தைப் போட்டுவிட்டது என்பதைப் பின்னால் வங்கி ஸ்டேட்மென்ட்டில்தான் பார்த்தேன். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஆகவே அரசுப் பணம் என்றாலே ஆறு மாதம் என்று யாராவது சொன்னால், ஆர்டர் கொடுத்த அலுவலகத்தில் நேரடியாக விசாரியுங்கள்.

அதற்குப் பிறகு ஆர்டர் எதுவும் இல்லை. போட்டி அதிகம், விலை படியவில்லை என்றே பதில் வந்தது.

ஒரு நாள் பதிவுத் தபாலில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் நோட்டீஸ் வந்தது. எல்லாத் தொடர்பையும் மாற்றியவர்களால் யூனிட் முகவரியை மட்டும் மாற்ற முடியவில்லை, சான்றிதழில் இருப்பது அதுதானே. நீங்கள் அனுப்பிய சீருடைகள் ஒரு சலவையில் சாயம் போகின்றன, தையல் பிரிகிறது, துணி ஒப்பந்தத்தில் சொன்ன தரத்தில் இல்லை, உங்களை ஏன் தடைப்பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் கண்ணால்கூடப் பார்க்காத சீருடைகள். எங்கள் யூனிட் ஒரு வருடம் முழுக்கத் தைத்தாலும் எட்டாத எண்ணிக்கை.

ஸ்டோர்ஸ் பிரிவுக்கு நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, எல்லாத்திலேயும் உங்க டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. நாங்க யார்கிட்ட கேட்கிறது?" என்றார். என் லெட்டர்ஹெட்டில், என் முத்திரையோடு, இந்தச் சரக்கு எங்கள் சொந்த யூனிட்டில் உற்பத்தியானது என்ற உறுதிமொழி இருந்தது. என் சாதிச் சான்றிதழின் நகல் இருந்தது. ஒரு டெண்டர் இல்லை, பல. சரக்கு வந்தது ஒரு பெரிய உற்பத்தியாளரிடமிருந்து. அவர்கள் தங்கள் பெயரில் போட்டியிட்டிருந்தால் இந்தச் சலுகை எதுவும் கிடைத்திருக்காது. பணம் அந்தத் தனிக் கணக்கில் விழுந்து, அன்றே வேறு இடத்துக்குப் போயிருந்தது. அந்த விற்பனைக்கான ஜிஎஸ்டி பாக்கியும் வருமான வரிக் கேள்வியும் மட்டும் என் தலையில்.

எனக்கு இதில் பணத்தைவிட அதிகமாக வலிப்பது ஒன்று. அந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் இந்தக் கொள்முதல் முழுக்க எஸ்சி உரிமையாளரிடம் வாங்கியதாக ஏறியிருக்கும். ஒரு பெண்ணிடம் வாங்கியதாகவும் ஏறியிருக்கும். இலக்கு நிறைவேறியது என்று எழுதியிருப்பார்கள். எங்கள் யூனிட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு நாள் கூலிகூட அதிலிருந்து வரவில்லை. தகுதியுள்ள எஸ்சி, எஸ்டி நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால் அந்த 4 சதவீதத்தை மற்றக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பலாம் என்று கொள்கையிலேயே ஒரு வரி உண்டு. அப்படி நிரப்பினால் அந்தக் குறையாவது கணக்கில் தெரியும், யாராவது கேள்வி கேட்க முடியும். பினாமியாக நிரப்பினால் அதுவும் தெரியாது. ஆள் வரவில்லை என்பதே மறைந்துபோகிறது. நம் ஊர்களில் தையல், தோல், மரவேலை என்று கைத்திறனோடு எத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டு, இடம் நிரம்பிவிட்டது என்கிறார்.

அதனால்தான், "பெயர் மட்டும் கொடுங்கள்" என்ற முதல் வகைப் பேச்சுக்குச் சம்மதிக்கும் நண்பர்களிடமும் சொல்கிறேன், வேண்டாம். பங்குப் பணம் வருகிறதே என்று தோன்றும். இந்தச் சலுகை நீங்களே உற்பத்தி செய்யும் பொருளுக்கும் நீங்களே தரும் சேவைக்கும்தான், வாங்கி விற்பவருக்கு இல்லை. உறுதிமொழி பொய்யானால் பொய் சொன்னவர் நீங்கள்தான். பொது நிதி விதிகள் 2017-இன் 151-ஆவது விதிப்படி, நேர்மை விதியை மீறியவரை அந்தக் கொள்முதல் அமைப்பு இரண்டு ஆண்டு வரை விலக்கி வைக்கலாம். கூட்டாளியாகச் சேருகிறேன் என்று வந்தாலும் கவனம். கூட்டு நிறுவனத்திலும் தனியார் லிமிடெட்டிலும் எஸ்சி, எஸ்டி பங்கு குறைந்தது 51 சதவீதம் இருந்தால்தான் இந்தத் தகுதி. காகிதத்தில் 51 என்று எழுதிவிட்டு, காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வார்கள்.

உதவி வேண்டும் என்றால் காசில்லாமல் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது, உத்யம் பதிவுக்கு அங்கே உதவுவார்கள். எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கென்றே 2016-இல் தேசிய எஸ்சி-எஸ்டி மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தேசியச் சிறுதொழில் கழகம் அதை நடத்துகிறது. டெண்டர் போடுவதில் கைகொடுப்பதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. நான் இப்போது அங்கேதான் போகிறேன். எல்லாமே உடனே நடந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன், சில நேரம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே யாரும் என் டோக்கனைக் கேட்கவில்லை.

தனியாரிடம் பேப்பர் வேலைக்கு ஆள் வைப்பது தப்பில்லை, நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவரிடம் எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். டிஜிட்டல் கையொப்பத்தின் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அதன் உரிமையாளரின் பொறுப்பு என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவே சொல்கிறது. டெண்டர் ஏற்றும் நாளில் டோக்கனோடு நீங்களே போய் உட்காருங்கள், முடிந்ததும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். ஜெம் தளத்தில் முதன்மைப் பயனர் நீங்களாகவே இருக்க வேண்டும். உதவுகிறவருக்குத் துணைப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுக்க வழி இருக்கிறது, அது போதும். வெற்று லெட்டர்ஹெட், வெற்றுக் காசோலை, பவர் ஆஃப் அட்டர்னி மூன்றில் எதை யார் கேட்டாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இஎம்டி கட்டப் பணம் கேட்டால், விலக்கு இருக்கிறதே என்று கேளுங்கள். ஆர்டர் கிடைத்த பிறகு கட்டும் செயல்பாட்டு உத்தரவாதத் தொகைக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. அதைக் கட்டும்போதும் நேரே வாங்கும் நிறுவனத்திடம் கட்டுங்கள், இடையில் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே ஏதாவது ஓடுகிறதா என்று சந்தேகமா? கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சரக்கு மதிப்பில் 2 சதவீதத்தை ஜிஎஸ்டி டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் டிடிஎஸ் வரவைத் திறந்து பாருங்கள், பிடித்தவர் பெயர் இருக்கும். நீங்கள் சரக்கே அனுப்பாத ஒரு நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால் விஷயம் புரிந்துவிடும். எனக்கும் மற்ற டெண்டர்கள் எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, என் நிறுவனத்தின் பெயரில் கொடுத்த ஆர்டர்கள், உறுதிமொழிகள், பணம் போன கணக்கு ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கினேன். என் புகாருக்கு இன்று இருக்கும் ஆதாரமே அவைதான்.

மாட்டிக்கொண்டது உறுதியானால் முதலில் கையொப்பச் சான்றிதழை வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி அதை ரத்து செய்யுங்கள். அன்றே வங்கிக்குப் போய் நெட் பேங்கிங்கை நிறுத்தி, ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். ஜிஎஸ்டி, ஜெம், டெண்டர் தளங்கள் எல்லாவற்றிலும் எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். அப்புறம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்கிய நிறுவனத்தின் விஜிலென்ஸ் பிரிவுக்கும் அதன் நகலை அனுப்புங்கள்.

என் புகார் விசாரணையில் இருக்கிறது. தடைப்பட்டியல் நடவடிக்கையை அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டு, ஆதாரங்களோடு பதில் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், அந்த ஆள் "நான் பேசி முடிக்கிறேன்" என்று சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். பதில் தர எத்தனை நாள் என்று நோட்டீஸிலேயே எழுதியிருப்பார்கள். அதற்குள் உங்கள் கையெழுத்தில் பதில் போய்ச் சேர வேண்டும், ஒப்புகைச் சீட்டோடு.