"அரை நாள் வேலைதானே மேடம்" என்று சொல்லி விற்ற குட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாய் பிழைத்துக்கொண்டது. அது தெரியாமல் இந்த மாதிரிப் பதிவுகளை என்னால் படிக்க முடியாது, உங்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள். ஆனால் இப்போது அது எங்கள் வீட்டில் இல்லை.

நான் பகுதி நேர வேலை பார்க்கிறேன். கணக்குப்படி ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். மகளுக்கு ஒன்பது வயது, இரண்டு வருஷமாக நாய் வேண்டும் என்று நச்சரிப்பு. முழு நேர வேலையில் இருந்தவரை "வீட்ல யாரும்மா இருக்கா பார்த்துக்க?" என்று சமாளித்துவிட்டேன். பகுதி நேரத்துக்கு மாறிய அன்று ராத்திரியே மகள் வந்து, "இப்போ நீ இருக்கேல்ல?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பீகிள் இன நாய்க்குட்டிகள், 12 வாரம், எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று, வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஏற்றவை. படத்தில் ஒரு தாய் நாய் பூப்போட்ட போர்வையில் படுத்திருந்தது, வயிற்றோடு ஒட்டி ஐந்து குட்டிகள். பின்னால் நீல நிறத் தரை ஓடு, ஒரு மூலை உடைந்திருந்தது. இந்த ஓடு ஞாபகத்தில் இருக்கட்டும்.

போன் செய்தேன். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. என்ன வேலை என்று கேட்டார், பகுதி நேரம் என்றேன். "அரை நாள் வேலைதானே மேடம், கண்ணை மூடிக்கிட்டு பீகிள் எடுங்க. நீங்க போயிட்டு வர்ற வரைக்கும் தூங்கும். வந்ததும் பாப்பாவோட விளையாடும். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி" என்றார். எத்தனை மணிக்குப் போவேன், எத்தனை மணிக்கு வருவேன், தினமும் ஒரே நேரமா, பக்கத்துச் சுவர் எவ்வளவு ஒட்டி இருக்கிறது, ஒரு கேள்வி இல்லை. எனக்கு அப்போது அது நல்லதாகத்தான் பட்டது. பிராணிகள் மீட்பு இல்லத்தில் விசாரித்தபோது இரண்டு பக்கம் கேள்வி கேட்டிருந்தார்கள், எரிச்சலோடு விட்டுவிட்டு வந்திருந்தேன். இவர் ஒன்றும் கேட்காதது பெரிய நிம்மதி.

நேரில் வந்து தாயையும் பார்க்கிறேன் என்றேன். "அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க மேடம், நீங்க எதுக்கு லீவு போட்டு அலையணும், நானே பாதி வழியில கொண்டுவந்து தரேன்" என்றார். லீவு போட்டால் சம்பளம் போகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில், அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார், ரசீது இல்லை. மொத்தம் ஏழு நிமிஷம் இருக்கும். மகள் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நேரத்தில் யாருக்கு ரசீது ஞாபகம் வரும்? சுட்டி என்று பெயரும் வழியிலேயே வைத்தாகிவிட்டது.

முதல் மூன்று நாள் தூங்கித் தூங்கி விழுந்தது. அவர் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். நான்காம் நாள் காலை சாப்பிடவில்லை. மதியம் வாந்தி. சாயங்காலம் வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? துரு ஏறிய இரும்பும் அழுகலும் கலந்த மாதிரி ஒரு வாடை. ஒரு தரம் மூக்கில் ஏறினால் மறக்காது. டாக்டர் அறைக் கதவைத் திறந்ததும் உதவியாளர் பெண் எங்களைப் பார்க்கும் முன்பே, "தனியா அந்தப் பக்கம் வாங்க" என்று வேறு வாசலைக் காட்டினார்.

மலத்தில் ஒரு குச்சியைத் தொட்டு, சின்னப் பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு விட்டார்கள். பத்து நிமிஷத்தில் இரண்டு கோடு. பார்வோ.

அதுவரை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். 1978-ல்தான் இந்த வைரஸை முதன்முதலாக அடையாளம் கண்டார்களாம், இரண்டே வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. குடலின் உள்சுவரில் வேகமாகப் பெருகும் செல்களை அது அழிக்கும். கூடவே எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அதனால் உள்ளே போகும் தண்ணீரும் நிற்காது, நோயோடு போராட உடம்பில் தெம்பும் இருக்காது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று சேராமல் ஆன்டிபயாட்டிக் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தொற்றிய மூன்று முதல் ஏழு நாளுக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரியும் என்றார் டாக்டர். அதாவது, அந்த அட்டைப்பெட்டிக்குள் வந்தபோதே நோயும் கூடவே வந்திருக்க வேண்டும்.

"எல்லா ஊசியும் போட்டாச்சே" என்று தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

டாக்டர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. முதலில் குட்டியின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். முன்பற்களும் கோரைப்பற்களும் ஊசி மாதிரி வெளியே வந்திருந்தன. பின்பக்கத்துப் பால்பற்கள் ஈறைப் பாதிதான் கிழித்திருந்தன. எட்டு வாரத்துக்குள் 28 பால்பற்களும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, "இதுக்கு ஆறு வாரம்தான் இருக்கும்மா, மிஞ்சினா ஆறரை" என்றார். அதற்கப்புறம்தான் புத்தகத்தைப் பிரித்தார். மூன்று ஊசி, மூன்று தேதி. மூன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. ஊசி மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் லேபிள் ஒரு இடத்திலும் இல்லை. பேட்ச் எண் இல்லை. கையெழுத்து இருந்தது, பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. டாக்டர் முதல் தேதியின் மேல் விரலை வைத்து நாட்களை எண்ணினார். "இந்தப் புத்தகத்தை நம்பினா, பிறந்த வாரமே முதல் ஊசி போட்டிருக்காங்க" என்றார். சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் புத்தகங்கள் அவர் மேஜைக்கு நிறைய வந்திருக்கும் போலிருக்கிறது.

ஒரு ஊசி போட்டிருந்தாலும் போதாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கும், ஆனால் அதுவே தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பித்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரை போடச் சொல்கிறார்கள். ஆக, 12 வாரத்தில் "எல்லா ஊசியும் முடிஞ்சுது" என்று யார் சொன்னாலும், நல்லவராகவே இருந்தாலும், அது தப்பு.

ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தது. என் சம்பளம் பாதி, டாக்டர் பில் முழுசு. பகுதி நேரக்காரர்கள் நாய் வாங்கும் கணக்கில் இந்த வரியை எழுத மறந்துவிடுகிறோம்.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதல் தடவை, "தண்ணி மாறினதுல அப்படித்தான் இருக்கும் மேடம்." இரண்டாவது தடவை, "நீங்க என்ன குடுத்தீங்க?" மூன்றாவது தடவை நான் குரலை உயர்த்தியதும், "சரி விடுங்க, மாத்தித் தரேன், வேற குட்டி எடுத்துக்கோங்க." மிக்ஸி மாதிரி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஒரு ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். டாக்டரிடம் கேட்டபோதுதான் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரிந்தது. பார்வோ வைரஸ் வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மண்ணில் இன்னும் அதிகம். வழக்கமான தரை துடைக்கும் திரவத்துக்கெல்லாம் சாகாது. முதலில் அழுக்கு போகக் கழுவி, அப்புறம் ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். அந்த வீட்டில் ஊசி முடியாத இன்னொரு குட்டியை விட்டால் அதுவும் அதே பாட்டைத்தான் படும். நான் சரி என்றிருந்தால் அந்த இரண்டாவது குட்டி செத்தே போயிருக்கலாம், "ரெண்டு தடவை குடுத்தாச்சு, உங்க வீட்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லியும் இருப்பார். நான்காவது தடவை என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

சுட்டி வீட்டுக்கு வந்தது. விலா எலும்பு தெரிய, ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு. இத்தோடு முடிந்திருந்தால் மோசமான விற்பனையாளர் என்று மட்டும் எழுதியிருப்பேன். உடம்பு தேறத் தேற, அந்த "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி" எவ்வளவு பெரிய புளுகு என்று தெரிய ஆரம்பித்தது.

பீகிள் முயல் வேட்டைக்குக் கூட்டமாகப் பழக்கிய நாய். மோப்பம் பிடித்தபடி கூட்டத்தோடு ஓட வேண்டும், தூரத்தில் இருக்கும் ஆளுக்குக் கேட்கிற மாதிரி ஊளையிட வேண்டும், அதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அதைத் தனியாக ஒரு வீட்டில் பூட்டிவிட்டு "சத்தம் போடாது" என்று விற்கிறார்கள். பழைய போனை அலமாரி மேல் ஒலிப்பதிவுக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நான் கதவைப் பூட்டிய நாலாவது நிமிஷம் ஆரம்பித்த ஊளை, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. கடைசியில் ஊளை இல்லை, கதவைப் பிறாண்டும் சத்தம் மட்டும். கதவின் கீழ்ப்பக்கம் இன்றைக்கும் மரம் தெரிகிறது. தாயிடமிருந்து ஆறு வாரத்திலேயே பிரித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். குறைந்தது எட்டு வாரம் தாயோடும் கூடப் பிறந்தவையோடும் இருக்க வேண்டும், கடியை அடக்கக் கற்றுக்கொள்வதே அங்கேதான்.

இதில் என் தப்பும் உண்டு. ஒரு நாள் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டேன். வேலை நான்கு மணி. போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, வழியில் சாமான் வாங்குவது. ஆறு மணி நேரம் வீடு பூட்டியிருக்கிறது. அதிலும் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், சில நாள் காலையில் இரண்டு மணி, சாயங்காலம் இரண்டு மணி என்று உடைத்துப் போடுவார்கள். இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. வளர்ந்த நாயையே நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாதீர்கள் என்கிறார்கள். இதற்கு மேல், இன்றைக்குக் காலை, நாளைக்குச் சாயங்காலம் என்று மாறி மாறிப் போகிற ஆளை எந்தக் குட்டியால் புரிந்துகொள்ள முடியும்? "பகுதி நேரம்" என்பது சம்பளச் சீட்டில் இருக்கிற வார்த்தை. நாய்க்குத் தெரிவது பூட்டு போடும் சத்தமும் திறக்கும் சத்தமும்தான்.

ஐந்து மாதம் முயற்சி செய்தோம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை நாசூக்காகவும் ஒரு தடவை நாசூக்கு இல்லாமலும் சொன்னார். கடைசியில் என் அக்கா வீட்டில் விட்டோம். அங்கே எப்போதும் ஆள் இருக்கும், ஏற்கெனவே ஒரு பெரிய நாய் உண்டு. சுட்டி அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறது. மகள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. போகும்போதெல்லாம் சுட்டி அவளைப் பார்த்துத் துள்ளுகிறது, திரும்பும்போது வண்டியில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள்.

இப்போது வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. ஐந்து வயது, கருத்தடை செய்தது. நான் எரிச்சலோடு விட்டுவிட்டு வந்த அதே மீட்பு இல்லத்திலிருந்து. இந்தத் தடவை இரண்டு பக்கக் கேள்விக்கும் உட்கார்ந்து பதில் எழுதினேன். நடுவில் சிலர் முயல் சொன்னார்கள், கினி பன்றி சொன்னார்கள், "சின்னது, தொந்தரவு இல்லை" என்று. முயல் எட்டு, பத்து வருஷம் வாழும், பெண்ணின் பள்ளிப் படிப்பே முடிந்துவிடும். கினி பன்றியைத் தனியாக வைத்தாலே வாடிப்போகும், சுவிட்சர்லாந்தில் ஒன்றை மட்டும் வளர்ப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தே வைத்திருக்கிறார்கள். வெள்ளெலி ராத்திரி விழிக்கும் பிராணி, குழந்தை தூங்கும்போதுதான் அது சக்கரத்தில் ஏறும். எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, விற்கிறவர் அதை வாயைத் திறந்து சொல்வதில்லை.

குட்டிதான் வேண்டும் என்பவர்கள் தாயை அது இருக்கும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். குட்டிகள் அதனிடம் போய்ப் பால் குடிக்கின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் இரவல் தாயைக் காட்டுவதும் நடக்கிறது. புத்தகத்தில் லேபிள் இருக்கிறதா பாருங்கள், கையெழுத்துப் போட்ட டாக்டரின் பெயரைக் கேட்டு அவருக்கே போன் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் டாக்டரிடம் காட்ட விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பாதி வழியில் தருகிறேன் என்றால் போகவே வேண்டாம்.

போன வாரம் அதே விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். வேறு எண், வேறு பெயர். 12 வாரம், எல்லா ஊசியும் போட்டாயிற்று. பூப்போட்ட போர்வை, அதே தாய், அதே ஐந்து குட்டிகள், ஏழு மாதத்தில் ஒரு சுற்று கூட வளரவில்லை. பின்னால் மூலை உடைந்த நீல ஓடு. புகார் கொடுத்திருக்கிறேன், இதை எழுதும்வரை விளம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.