கோத்தகிரி: ரெண்டு ஸ்டிக்கர் பொட்டு, ரெண்டு மஞ்சள் விளக்கு

கோத்தகிரி வந்து சேர்ந்த மறுநாள் காலையில், டானிங்டன் வரை போய்ப் பால் வாங்கி வரலாம் என்று அப்பாவின் காரில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ரெண்டு, பக்கத்துப் பக்கத்தில். பொங்கலுக்கு வண்டிக்குப் பூஜை போட்டபோது ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். சாவியைத் திருப்பியதும் பொட்டின் ஓரம் வழியாக மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தால் ஒன்றின் கீழே ஏபிஎஸ் விளக்கு, அதாவது அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பினுடையது. இன்னொன்றின் கீழே வழுக்கும் கார் படம் போட்ட இஎஸ்பி விளக்கு, வண்டி திசை தவறி வழுக்காமல் பிடிக்கும் அமைப்பினுடையது.

"ராத்திரியில கண்ண உறுத்துதுடா. பிரேக் நல்லாத்தான் புடிக்குது" என்றார் அப்பா. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "ஆறு மாசம் இருக்கும்."

இந்த வண்டியில் எனக்கு ஒரு தனிப்பட்ட வீம்பு உண்டு. 2011இல் வாங்கும்போது அப்பாவுக்கு நடுத்தர மாடலே போதும் என்று இருந்தது. ஏபிஎஸ்ஸும் இஎஸ்பியும் டாப் மாடலில் மட்டும்தான் வரும் என்பதால் நான்தான் டொராண்டோவிலிருந்து கூடுதல் பணம் அனுப்பி அதை வாங்க வைத்தேன். அப்போது நம் ஊரில் ஏபிஎஸ் கட்டாயமில்லை. எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். பனி மூடி, பாசி பிடித்து, தேயிலை லாரி எதிரே வரும் ரோட்டில் அப்பா ஓட்டுகிறாரே என்று வாங்கிக் கொடுத்த சமாசாரத்தின் மேல் பொட்டு ஒட்டியிருந்தால் கோபம் வருமா வராதா?

அப்பா சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். அவசரத்தில் முழுதாக மிதித்தால்தான் வித்தியாசம் தெரியும்: சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கு பிரிக்கும் வேலையே நின்றுபோயிருக்கலாம். அப்படி எரிந்தால் மலையிறங்கக் கூடாது. எங்களுக்கு எரிந்தது மஞ்சள் மட்டும்.

டொராண்டோவிலிருந்து கையடக்கமான ஒரு ஸ்கேனர் கொண்டுபோயிருந்தேன், ப்ளூடூத்தில் போனோடு பேசுவது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் செருகினேன். 'கோளாறு எதுவும் இல்லை' என்றது. மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் சம்பந்தப்பட்ட, பி (P) என்ற எழுத்தில் தொடங்கும் கோளாறு கோடுகளை (code) மட்டும்தான் படிக்கும். பிரேக், ஸ்டீயரிங் கோடுகள் சி (C) எழுத்தில் தொடங்குபவை. அவற்றைப் படிக்க ஏபிஎஸ் யூனிட்டோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். எதிரே எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே 'எல்லாம் நலம்' என்று படித்தது நல்ல வேடிக்கை.

முதலில் போனது கோயம்புத்தூரில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. ஆப்பில் நேரம் குறித்தேன், சொன்ன நேரத்துக்கு வண்டியை உள்ளே எடுத்தார்கள், காபி வந்தது, காரையும் கழுவிக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து எஸ்டிமேட் வந்தது: இடது முன்சக்கர வேக சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை, சென்சார் ஏற்கெனவே புதிது, ஆகவே ஏபிஎஸ் யூனிட் மாற்ற வேண்டும். வரி சேர்த்து 74,000 ரூபாய், பொருள் வர இரண்டு வாரம். "15 வருஷம் முடியப்போகுது சார், புது வண்டி பாத்துடலாமே" என்று அட்வைசர் ஒரு யோசனையும் சொன்னார். பேரிங்கைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "சத்தமே இல்ல சார், பேரிங் சூப்பரா இருக்கு."

அந்த 'ஆகவே'தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கோடு சொன்னது சிக்னல் வரவில்லை என்பதை மட்டும். சக்கரத்திலிருந்து யூனிட் வரை அந்த சிக்னல் வரும் வழியில் நாலைந்து இடம் இருக்கிறதே.

திரும்பும் வழியில் அப்பாவிடம் துருவித் துருவிக் கேட்டதில் பழைய கதை வெளியே வந்தது. ஜூலையில் இடது முன்சக்கரத்தில் ஹூம் என்று சத்தம். குன்னூரில் ஒரு பட்டறையில் பேரிங் மாற்றினார்கள். சத்தம் போனது, விளக்கு வந்தது. "சென்சார் போயிருக்கும்" என்று 3,200 ரூபாய்க்கு சென்சாரும் மாற்றினார்கள். விளக்கு போகவில்லை. அதற்குப் பிறகுதான் பொட்டு. "இத அந்த சர்வீஸ்ல சொன்னீங்களாப்பா?" "அவங்க கேக்கலையே."

பக்கத்து வீட்டுப் பையன் மேக்ஸி கேப் ஓட்டுகிறான். அவன் சொல்லித்தான் மேட்டுப்பாளையத்தில் அந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனோம். தகரக் கொட்டகை, வாசலில் புளியமரம், சுவரில் மருதமலை முருகன் காலண்டர். போர்டு கிடையாது. ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர் பத்தே முக்காலுக்கு வந்தார். இதையும் எழுதத்தான் வேண்டும். ஊரில் நேரம் என்பது ஒரு தோராயம். ஒன்பது நாள் லீவில் வருகிறவனுக்கு அந்தத் தோராயம் கொஞ்சம் வலிக்கும்.

ஆனால் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "லைட்டு வர்றதுக்கு முன்னாடி கடைசியா என்ன வேலைங்க பாத்தீங்க?" அப்பா பேரிங் என்றார். அவர் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டேப்லெட் மாதிரி ஒரு ஸ்கேனரைச் செருகி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சிறுமுகை ரோட்டில் மெதுவாக ஓட்டச் சொன்னார். திரையில் நாலு சக்கரத்தின் வேகமும் தனித்தனியாக ஓடின: 22, 22, 21. இடது முன்சக்கரம் 0. எவ்வளவு வேகம் போனாலும் 0.

கொட்டகைக்குத் திரும்பி ஜாக்கி போட்டு டயரைக் கழற்றினார். வயரை விரலால் தடவிக்கொண்டே உள்ளே வரை போனார். "கோத்தகிரி வண்டின்னா மொதல்ல எலிதானுங்க பாக்கணும்." எலி கடிக்கவில்லை. சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பூக்கவில்லை. மீட்டரை வைத்தார், 11.8 வோல்ட். "யூனிட்டு செத்துப்போச்சுன்னா இந்த கரண்ட்ட யாருங்க குடுக்கறாங்க?"

சென்சாரில் ஓம்ஸ் பார்க்கவில்லையா என்று என் அரைகுறை அறிவைக் காட்டினேன். பழைய வகை சென்சார் ஒரு காந்தமும் சுருளும்தான். எதிரே பல்சக்கரம் சுற்றும், மீட்டர் வைத்தால் சுமார் 1,000 ஓம் காட்டும். இந்த வண்டியில் இருப்பது மின்சாரம் கொடுத்தால் மட்டும் பேசுகிற வகை. பல்சக்கரம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே வடக்கு தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் பதித்திருக்கும், சென்சார் அதைப் பார்த்து 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று கரண்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். ஓம்ஸ் மீட்டரை வைத்தால் ஒன்றும் புரியாது, வைக்காமல் இருப்பதே நல்லது. இதை அவர் சொன்னது இரண்டே வாக்கியத்தில்: "இதுல ஓம்ஸு பாக்கக் கூடாதுங்க சார். பாத்தாலும் பொய்தான் சொல்லும்."

அடுத்து அவர் செய்ததுதான் நான் ஊர் திரும்பியும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது. போல்ட்டைக் கழற்றி இடது சென்சாரை வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். அலமாரியிலிருந்து கிரீஸ் காய்ந்த ஒரு பழைய பேரிங்கை எடுத்தார். அதன் பழுப்பு நிற சீலைச் சென்சார் முனைக்கு முன்னால், ஒரு நூல் இடைவெளியில் பிடித்துக்கொண்டு, உள்வளையத்தில் ரெண்டு விரலை விட்டுச் சுற்றினார். "ஐயா, திரையப் பாருங்க." அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். இத்தனை நேரம் 0 நின்ற கட்டத்தில் 4 வந்தது, 5, பிறகு 6. சக்கரம் இல்லாமலே வண்டியின் இடது கால் ஓடிக்கொண்டிருந்தது.

சென்சார் சரி, வயர் சரி, 74,000 ரூபாய் யூனிட்டும் சரி. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு ஸ்டேப்ளர் பின்னை நூலில் கட்டி, வலது சக்கரத்தில் சென்சார் உட்காரும் ஓட்டை வழியாக விட்டார். உள்ளே போனதும் பின் சட்டென்று சாய்ந்து ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் விட்டார். கிணற்றில் விட்ட கயிறு மாதிரி தொங்கியது.

"பேரிங்க திருப்பிப் போட்டுட்டாங்க." காந்த சீல் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. சாதாரண பேரிங் என்றால் எப்படிப் போட்டாலும் சுற்றும், சத்தமும் வராது. இந்த வகைக்கு முகம் உண்டு. அதனால்தான் கம்பெனிக்காரர் சொன்ன "பேரிங் சூப்பரா இருக்கு" என்பதும் பொய்யில்லை.

அழுத்தி உட்கார வைத்த பேரிங்கைப் பிடுங்கினால் கெட்டுவிடும், புதிதாகத்தான் போட வேண்டும். பேரிங் 2,600, லேத்தில் பிரஸ் வைக்க 500, அவருக்கு 1,500. மாலை நாலு மணிக்கு ஓட்டிப் பார்த்தால் நாலு கட்டத்திலும் ஒரே எண். ஏபிஎஸ் விளக்கு அணைந்தது.

இன்னொரு பொட்டின் விளக்கு அணையவில்லை.

அதற்குக் காரணம் பாதி நான். சக்கரத்தைக் கழற்றி மாட்டியதால் அலைன்மென்ட் பார்த்துவிடலாம் என்று வழியில் ஒரு கடையில் விட்டேன். ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நின்றது. முன்சக்கரத்துக் கம்பிகளைத் திருகி அதை நேராக்க வேண்டும். அந்தப் பையன் ஸ்டீயரிங்கையே கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுத்தான். பார்க்க நேராக இருந்தது. இஎஸ்பி கணக்குப் போடுவது நாலு சக்கர வேகம், வண்டி எவ்வளவு சுழல்கிறது, எவ்வளவு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி திருப்பியிருக்கிறார் என்பவற்றை ஒப்பிட்டு. இப்போது நேர் ரோட்டில் போகும்போதே, திருப்பியிருக்கிறார் என்று ஸ்டீயரிங் கோண சென்சார் சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் இஎஸ்பி விலகிக்கொண்டது.

எலெக்ட்ரீஷியன் ஸ்டீயரிங்கைப் பழையபடி மாட்டி, அலைன்மென்ட்டையும் பக்கத்தில் நின்று சரியாகச் செய்ய வைத்தார். ஆனால் பூஜ்ஜியத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அவர் ஸ்கேனருக்கு இந்த மாடலில் வழியில்லை. "இத மட்டும் கம்பெனில பண்ணிக்கோங்க, மலைக்குக் கொண்டுபோகாதீங்க, சமதளத்துல நிறுத்தித்தான் பண்ணணும்." நியாயம்தான். எங்கள் வீட்டு வாசலில் கோலிக்குண்டு வைத்தால் கேர்பெட்டா ரோட்டில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் அதே சர்வீஸ் சென்டர். இம்முறை பணியில் இருந்த பெண் டெக்னீஷியன் ஒன்றும் பேசவில்லை. காற்றழுத்தம் பார்த்தார், சக்கரத்தை நேராக வைத்தார், மடிக்கணினியை மாட்டினார், இருபது நிமிடத்தில் முடித்தார். 1,180 ரூபாய், ரசீதோடு. இறங்கும்போது, "பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க சார்?" என்று கேட்டார். டப்பாவைத் திறந்து காட்டினார். டிக்காஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி. கோத்தகிரியிலிருந்து பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் குஞ்சப்பனையில் தெரியும். கொதித்துக் குமிழி வந்தால் மிதி தரை வரை போகும், எந்த ஏபிஎஸ்ஸும் காப்பாற்றாது. நல்லவேளையாக அப்பா எப்போதும் இரண்டாவது கியரில்தான் இறங்குவார். அன்றைக்கே மாற்றினோம். யூனிட்டைப் பற்றிப் பேசி அலைந்த எங்கள் யாருக்குமே அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

குன்னூர் பட்டறைக்குப் போய்ச் சண்டை போடவா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். "அவன் அப்பன் எனக்குத் தெரிஞ்சவன்." போனில் மட்டும் சொன்னார். அவர்களுக்கு சீலில் காந்தம் இருக்கும் என்பதே தெரியாதாம். சென்சார் காசில் பாதியைக் கூகுள் பேயில் அனுப்பிவிட்டார்கள், நான் எதிர்பார்க்கவில்லை.

புளியமரத்துக்காரரிடம் கணக்கு முடித்த அன்று, அடுத்த தடவை வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். சாக்லேட், சென்ட்டு என்று சொல்வார் என்று நினைத்தேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: காந்த சீலின் மேல் வைத்தால் வடக்கு தெற்கு பட்டைகளைக் கோடுகோடாகக் காட்டும் பச்சை நிற அட்டை. ஸ்டேப்ளர் பின்னுக்குப் பதில். சில டாலர்தான், நேற்று வந்துவிட்டது. சரியாக இருக்கிறதா என்று எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வரிவரியாகத் தெரிகிறது.