மாம்பழப் பெட்டியில் கருவாட்டு மணம்: ஒரு லொறிச் சேவையின் பாதைச் சரத்துகள் பற்றி

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் எங்கள் குடும்பத்தின் மொத்த வியாபாரக் கடை இருக்கிறது. சீனி, பருப்பு, கோதுமை மா ஆகியவற்றை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறோம். திரும்பி வரும் லொறியில் சுன்னாகத்திலிருந்து சின்ன வெங்காயமும், பருவ காலத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வரும். கடந்த 11 மாதங்களாக இந்தப் போக்குவரத்தை ஒரு புதிய நிறுவனம் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் செய்து வருகிறது. லொறிகள் ஒழுங்கானவை, சாரதிமார் பொறுமைசாலிகள், அழைத்தால் தொலைபேசியை எடுக்கிறார்கள். சேவையைப் பற்றி அவ்வளவு சொன்னால் போதும். நான் எழுத நினைத்தது அவர்களுடைய ஒப்பந்தத்தின் ஆறாம் சரத்தையும், அதனுடன் இணைத்திருக்கும் அட்டவணையையும் பற்றியே. லொறி எந்த வழியால் போக வேண்டும் என்பதைச் சொல்லும் பகுதி அது. வாடகையையும் நேரத்தையும் நாட்கணக்காகப் பேரம் பேசுகிற நாங்கள், இந்தப் பகுதியை வாசிக்காமலே கையொப்பமிட்டுப் பழகியவர்கள்.

வாசிக்கக் கற்றுக்கொடுத்தது முன்னைய நிறுவனம். ஓர் ஆனி மாதம் சுன்னாகத்தில் மாலையில் ஏற்றிய மாம்பழம் மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குப் பேலியகொடைச் சந்தையில் இறங்கியிருக்க வேண்டும். 2020 இல் புறக்கோட்டையிலிருந்த மெனிங் மரக்கறி, பழச் சந்தை அங்கு மாற்றப்பட்ட பிறகு எங்கள் பழ வியாபாரமும் அங்கேதான். லொறி வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. ஏ9 வீதியால் நேரே வவுனியாவுக்கு இறங்க வேண்டிய லொறி, நாவற்குழியில் திரும்பி, சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, பூநகரி வழியாக மன்னாருக்குப் போயிருக்கிறது. அங்கே விடியும்வரை காத்திருந்து, எங்கள் பெட்டிகளுக்கு மேலே கருவாட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மதவாச்சிக்கு வந்து ஏறியிருக்கிறது. படங்கைத் தூக்கியதும் எழுந்த மணத்தை விவரிக்கத் தேவையில்லை. அடிப்பெட்டிகளில் பழம் வெந்து கனிந்திருந்தது, மேற்பெட்டிகளில் பழம் நன்றாகவே இருந்தது, ஆனால் வாங்க வந்த ஒருவர் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, “முதலாளி, இது மாம்பழமா, மாசிக் கருவாடா?” என்று கேட்டார்.

நட்டஈடு கேட்டபோது அந்த நிறுவனத்தின் முகாமையாளர் ஒப்பந்தத்தை எடுத்து ஒன்பதாம் சரத்தைக் காட்டினார். “பொருட்களை நிறுவனம் தனது விருப்பப்படி எந்த வீதியாலும், எந்த ஒழுங்கிலும், எவ்விடத்தில் தரித்தும் கொண்டு செல்லலாம்” என்று அதில் இருந்தது. கீழே என் கையொப்பமும் இருந்தது.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தொழில் புரியும் எங்கள் உறவினரான சட்டத்தரணி ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மாம்பழத்துக்கு முன்னோடி தோடம்பழம் என்றார். 1893 ஆம் ஆண்டில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு அது. ஸ்பெயினின் மலகாவிலிருந்து லிவர்பூலுக்குத் தோடம்பழம் ஏற்றிய கப்பல், எந்தத் துறைமுகத்துக்கும் எந்த ஒழுங்கிலும் போகலாம் என்ற அச்சடித்த சரத்தை நம்பி, முதலில் எதிர்த்திசையில் புரியானாவுக்குப் போய்த் திரும்பி வந்தது, பழம் பழுதாகிவிட்டது. மலகாவிலிருந்து லிவர்பூலுக்குப் பழத்தைக் கொண்டுபோவதே ஒப்பந்தத்தின் முதன்மை நோக்கம் என்றும், அந்த நோக்கத்தையே கெடுக்கும் அளவுக்கு அச்சடித்த சரத்தை விரித்துப் பொருள்கொள்ள முடியாது என்றும், வழியில் உள்ள துறைமுகங்களில் தரிப்பதற்கு மட்டுமே அது இடம் கொடுக்கும் என்றும் சபை சொன்னது. 1922 இல் இதே சிந்தனை தரைவழிக்கும் வந்தது. ஒரு நாடகக் குழுவின் சாமான்களை ஏற்றிய ரயில் நிறுவனம், பெட்டிகளில் ஒட்டியிருந்த பழைய முகவரிச் சீட்டுகளைப் பார்த்து அவற்றை வெவ்வேறு நிலையங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டது. உடன்பட்ட பாதையை விட்டுப் போன பிறகு, இழப்புக்குச் சாமானின் உரிமையாளரே பொறுப்பு என்ற நிபந்தனை அந்த நிறுவனத்தைக் காக்கவில்லை.

கொழும்புக் கடைக்காரனுக்கு லிவர்பூல் வழக்கு எதற்கு என்று நானும் கேட்டேன். எங்கள் பொதுச்சட்டம் உரோம-டச்சுச் சட்டம் என்றாலும், குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், தரைவழியாகப் பொருள் கொண்டுசெல்வோர் தொடர்பான விடயங்களில் அந்தந்தக் காலத்து ஆங்கிலச் சட்டமே இங்கு செல்லும் என்று விதித்திருக்கிறது. ஆனால் அவர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார். 1980 இல் அதே சபை, பொறுப்பு விலக்கும் சரத்து எதுவரை செல்லும் என்பது பெரும்பாலும் அதன் சொற்களைப் பொறுத்தது என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே நீதிமன்றம் காப்பாற்றும் என்று இருக்காமல் சொற்களைச் சரியாக எழுதச் சொன்னார். வழக்குப் போடவில்லை. அந்தத் தொகைக்குப் புதுக்கடை வாசற்படி ஏறினால் அடுத்த மாம்பழப் பருவமும் போய்விடும்.

இந்தப் பின்னணியில்தான் புதிய நிறுவனத்தின் ஆறாம் சரத்தை நான் மெச்சுகிறேன். அது வீதிகளின் பெயரைச் சொல்லாமல் ஊர்களின் பெயரைச் சொல்கிறது: பேலியகொட, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம். மாற்றுப் பாதை என்று குருநாகல், பாதெனிய, தலாவ வழியாக அநுராதபுரம் சேரும் பாதையைக் குறிப்பிடுகிறது. ஊர்களுக்கு இடையே எந்தக் கிளைவீதியால் போவது என்பது சாரதியின் பொறுப்பு. ஊர்களின் வரிசையை மாற்றுவதும், இடையில் வேறொருவருடைய பொருளை ஏற்றுவதும் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஆகாது. இது இறுக்கமும் நெகிழ்வும் கலந்த நல்ல ஏற்பாடு. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்தையும் எழுத முனைந்தால் சாரதி முதல் நாளே ஒப்பந்தத்தை மீறிவிடுவார். எதையும் எழுதாமல் விட்டால் லொறி மன்னாருக்குப் போகும்.

வாடகையும் இந்த அட்டவணைத் தூரத்துக்கே கணக்கிடப்படுகிறது. லொறியின் மீற்றர் என்ன காட்டினாலும் அது அவர்கள் பாடு. அதிவேக நெடுஞ்சாலைக் கட்டணம் அட்டவணையில் குறித்த துண்டுக்கு, அதாவது பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க வரையிலான 25.8 கிலோமீற்றருக்கு மட்டும், பற்றுச்சீட்டு காட்டினால் தரப்படும். ஒரு மாதப் பட்டியலில் பற்றுச்சீட்டு இல்லாத மூன்று ஓட்டங்களுக்கும் கட்டணம் சேர்த்திருந்தார்கள். அவர்களே தந்த ஜீ.பி.எஸ். இணைப்பைத் திறந்து பார்த்தேன். லொறிகள் நள்ளிரவு கடந்து கந்தானை, ஜா-எல வழியாகப் பழைய வீதியில் ஊர்ந்து போயிருந்தன. படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியதும் அன்று மாலையே கழித்துவிட்டார்கள். தவறு நேர்ந்ததைவிட, ஒப்பந்தம் அதைக் கண்டுபிடிக்க வழிவைத்திருந்தது எனக்குப் பெரிதாகப் பட்டது.

காப்புறுதியையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பொருட் காப்புறுதிப் பத்திரம் வழமையான போக்குவரத்துப் பாதையில் பொருள் இருக்கும்வரை பாதுகாப்புத் தருகிறது. எது வழமை என்பதைப் பிறகு வாதிட வேண்டியிராமல், இந்த அட்டவணையையே பத்திரத்துடன் இணைக்கும்படி முகவரிடம் கேட்டோம்; இணைத்தார்கள்.

குறைகள் இரண்டு. முதலாவது, வீதி அடைபட்டால் என்ன செய்வது என்ற உபசரத்து. எங்கள் வீட்டில் ‘பாதை’ என்ற சொல்லுக்கே வேறு கனம் உண்டு. 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில் போன காலத்தில், தொலைபேசியில் அப்பா சுகம் விசாரிப்பதற்கு முன்னரே “பாதை திறந்தாச்சா?” என்றுதான் கேட்பார். இப்போது மூடுவது வெள்ளம். கலா ஓயா பெருகினால் புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் வழியில்லை. அப்போது பொலிஸார் அல்லது வீதி அதிகாரிகள் திருப்பிவிட்டால் மாற்றுப் பாதையால் போகலாம், ஒரு மணித்தியாலத்துக்குள் எங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தம். நல்லது. ஆனால் இரண்டு பாதைகளும் அடைபட்டால் “இயன்றளவு விரைவாக” என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிடுகிறது. லொறி எங்கே தரிக்க வேண்டும், தரிப்புக் கூலி யாருடையது, எத்தனை மணித்தியாலத்துக்குப் பின் வழியில் உள்ள சந்தையிலேயே வெங்காயத்தை விற்றுவிடும்படி நாங்கள் சொல்லலாம் என்பவை இல்லை. பருப்பு காத்திருக்கும், மாம்பழம் காத்திராது. இரண்டுக்கும் ஒரே வாசகத்தை எழுதியது கவனக்குறைவு.

இரண்டாவது குறை, 400 கிலோமீற்றரையும் இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் கடைசி 300 மீற்றரை விட்டுவிட்டது. வெங்காயம் கடைக்கே வருவது. ஒப்பந்தத்தில் இறக்கும் இடம் “லொறி செல்லக்கூடிய மிக அண்மித்த இடம்”. கொழும்பு நகருக்குள் காலை மாலை நெரிசல் வேளைகளில் பாரஊர்திகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அது நீங்கிய பின்னும் நான்காம் குறுக்குத் தெருவுக்குள் லொறி நுழைவது அன்றன்றைய அதிர்ஷ்டம். ஆகவே லொறி ஒல்கொட் மாவத்தையிலேயே நின்றுவிடுகிறது. நாட்டாமிமார் மூட்டைகளைக் கைவண்டியில் அடுக்கி, முச்சக்கர வண்டிகளையும் பாதசாரிகளையும் குரல் கொடுத்து விலக்கிக்கொண்டு கடைவரை தள்ளி வருகிறார்கள். அந்தக் கூலி பதினொரு மாதமும் எங்கள் தலையில்தான். சாரதியைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒப்பந்தப்படி நடக்கிறார்.

அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது மூன்று திருத்தங்கள் கேட்டிருக்கிறேன்: இரண்டு பாதைகளும் அடைபட்டால் ஆறு மணித்தியாலத்துக்குப் பின் விற்கச் சொல்லும் உரிமை, பழத்துக்கும் வெங்காயத்துக்கும் தனி அட்டவணை, இறக்கும் இடம் கடைவாசல் என்ற திருத்தம். முதல் இரண்டுக்கும் மறுப்பில்லாமல் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவதுக்குக் கைவண்டிக் கூலியில் பாதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.